உள்பக்கம் தேய்ந்த செருப்பு

ஜூன் 9

நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். போன் அடித்து அடித்து ஓய்ந்துபோய்த்தான் பேனாவை எடுத்தேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

நீ கோபத்தில் விட்டுவிட்டுப் போன பழுப்புச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. குப்பையில் போடத்தான் எடுத்தேன். யார் செருப்பு கையில் கிடைத்தாலும் கவிழ்த்துப் பார்ப்பது என் கடைப் பழக்கம். இத்தனை வருஷம் செருப்புக் கடையில் நின்றவளுக்கு மனுஷர்களின் முகத்தைவிடக் குதிகால்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் செருப்பு இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்து, ஓரம் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. போன வருஷம் பள்ளி திறந்தபோது சிட்டுவுக்கு வாங்கிய ஷூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே தேய்மானம். உன் அண்ணனுக்கு வெளிப்பக்கம் தேயும், எனக்குச் சமமாகத் தேயும். எங்கள் இரண்டு பேரிடமும் இல்லாதது இவளுக்கு எங்கிருந்து வந்தது?

நீ பார்த்தபோது சிட்டு கைக்குழந்தை. இப்போது எட்டு வயது. நடக்கவே தாமதமாகத்தான் ஆரம்பித்தாள். சமதரையில் விழுகிறாள். முழங்காலுக்குக் கீழே எப்போதும் நீலம் பாரித்துக் கிடக்கிறது, எங்கே இடித்தாய் என்றால் தெரியாது என்கிறாள். அரைப் பக்கம் எழுதினால் கை வலிக்கிறது என்று பென்சிலைப் போட்டுவிடுகிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "விளையாட மட்டும் கை நல்லா வேலை செய்யுது இவளுக்கு" என்றார். கேட்டதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஏன் என்று எழுத மாட்டேன், உனக்கே தெரியும்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் சாலையில் இறங்கப் போனவளைக் கையைப் பிடித்து இழுத்தேன். எந்தத் தாயும் இழுக்கிற இழுப்புதான். தோள் மூட்டு நழுவிவிட்டது. ஆஸ்பத்திரியில் சரி செய்தார்கள். அங்கே காலில் இருந்த நீலத்தையும் பார்த்தார்கள். பள்ளியிலும் விசாரித்தார்கள். இப்போது குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வரப் போகிறார். நான் பிள்ளையை அடிக்கிறேனாம்.

நீ சின்ன வயதில் எப்படி இருந்தாய்? அதை மட்டும் எழுது. பழைய கதை எதுவும் வேண்டாம், தாங்குகிற நிலையில் நான் இல்லை.

அண்ணி


ஜூன் 14

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். அடித்தீர்களா?

உங்கள் வீட்டில் ஒரு வருஷம் இருந்தவள் கேட்கிறேன். தட்டு கை நழுவி உடைந்த நாளில் நீங்கள் போட்ட சத்தத்தை நான் மறக்கவில்லை. அது தட்டுக்கு. பிள்ளையிடம் எப்படி என்று எனக்குத் தெரியாது. அப்பா போன பிறகு எனக்குப் போக இடம் இல்லை என்றுதான் உங்களிடம் வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். சிட்டுவுக்கும் போக வேறு இடம் இல்லை. அதனால் கேட்கிறேன்.

பதில் வந்த பிறகு மற்றது எழுதுகிறேன். எனக்கு நீளமாக எழுத வராது. கட்டைவிரல் இணங்காது.


ஜூன் 18

நாத்தனாருக்கு,

இல்லை. அடிக்கவில்லை. ஒரு அடிகூட இல்லை.

எழுதிவிட்டு அரை மணி நேரம் எழுந்து போய்விட்டேன். நீ கேட்ட அந்தக் கேள்வி உன் கையெழுத்தில் இல்லாமல் வேறு யார் கையெழுத்தில் இருந்தாலும் முகத்தில் எறிந்திருப்பேன்.

அந்த அலுவலர் வந்தார். மரியாதையான மனுஷி, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், சிட்டுவைத் தனியாக உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் வீட்டில், என் பிள்ளையிடம் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் நான் வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன். வெளியே வந்து, "அம்மா கத்துவாங்கன்னு சொல்றா" என்றார். ஆமாம், கத்துவேன். கடையில் நாளெல்லாம் குனிந்து மற்றவர் காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டு வந்து, வீட்டில் இவள் ஷூ நாடாவைக் கட்டத் தெரியாமல் நிற்கும்போது கத்தாமல் என்ன செய்வேன்?

விசாரணை முடிகிற வரை பிள்ளை ஒரு உறவினர் வீட்டில் இருப்பது நல்லது என்கிறார். யார் இருக்கிறார்கள்? உன் அண்ணன் லாரியோடு எந்தச் சாலையில் இருக்கிறார் என்று எனக்கே தெரியாது. சொன்னால், "எங்க வீட்ல பிள்ளைங்க அப்படித்தான், வளைஞ்சு கொடுக்கும்" என்று சிரிக்கிறார். உன் பெயரையும் நம்பரையும் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்ததற்குத் திட்டிக்கொள்.

எலும்பு டாக்டரும், "குடும்பத்தில் வேற யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டார். இப்படி என்றால் எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

என் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

அண்ணி


ஜூன் 23

அண்ணிக்கு,

அலுவலகத்திலிருந்து பேசினார்கள். தையல் பட்டறையில் இருந்தேன். மடியில் ஒரு பெரிய திரைச்சீலை, பாதி தைத்தது. "அந்தம்மா குழந்தையை அடிக்கிறதை நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். உங்களைப் பழி வாங்க எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஒரு நினைப்பு வந்து போனது. இருக்கட்டும். நான் சொன்னது இதுதான்: "அவங்க கை நீட்ட மாட்டாங்க. வாய்தான் கொஞ்சம் நீளம்." அவர் சிரித்த மாதிரி இருந்தது. எழுதிக்கொண்டாரா தெரியாது.

இனி நீங்கள் கேட்டது.

நானும் தாமதமாகத்தான் நடந்தேனாம். விழுந்துகொண்டே இருப்பேன். காலில் நீலம் எனக்கும் உண்டு, இப்போதும் உண்டு, மேசைக் கால் லேசாகப் பட்டாலே வரும். சிட்டு நிற்கும்போது பக்கவாட்டில் இருந்து பாருங்கள். முழங்கால் நேராக நிற்காமல் பின்பக்கம் போய் வளைந்திருக்கும். கையை நீட்டச் சொல்லுங்கள், முழங்கையும் அப்படித்தான் போகும். தரையில் உட்காரும்போது இரண்டு பாதத்தையும் இரண்டு பக்கம் விரித்து, நடுவில் உட்காருவாள். பென்சிலைப் பிடிக்கும்போது விரல் நுனி மூட்டு உள்ளே குழிந்து போகும், அதனால் விரல்களை முஷ்டியாக மடக்கி இறுக்கிப் பிடிப்பாள். இறுக்கிப் பிடிப்பதால் வலிக்கிறது. ஓடி ஆடிய நாளில் ராத்திரி கால் வலிக்கிறது என்பாள். வளர்கிற வலி என்று எனக்குச் சொன்னார்கள். நான் வளர்ந்து முடித்த பிறகும் அது நிற்கவில்லை.

கட்டைவிரலை மடக்கி முன்கையில் தொட முடிகிறதா, சுண்டுவிரல் செங்குத்தாகப் பின்னால் போகிறதா, முழங்கால் மடக்காமல் குனிந்து உள்ளங்கை முழுவதும் தரையில் படுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். நீங்கள் செய்யச் சொல்லிப் பார்க்காதீர்கள். விளையாட்டாகக்கூட வேண்டாம். அண்ணனிடமும் சொல்லுங்கள், போனில் முகம் பார்த்துப் பேசும்போது "விரலை வளைச்சுக் காட்டு" என்று கேட்பதை நிறுத்தட்டும். கேட்பார், எனக்குத் தெரியும். எனக்கு ரப்பர் என்று பேர் வைத்ததே அவர்தான். அப்பா விருந்தாளி வந்தால், "ரப்பர், இங்க வாம்மா" என்பார். நான் போய் விரல், கை, கால் எல்லாம் வளைப்பேன். எல்லாரும் கை தட்டுவார்கள். ஒரு மிட்டாய் கிடைக்கும். அது வரம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

கை வலிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

(மறுநாள்)

ஒன்று விட்டுப் போனது. வளைகிற எல்லாருக்கும் வலிக்காது. என்னோடு பட்டறையில் ஒரு பெண் இருக்கிறாள், என்னைவிட வளைவாள், ஒரு வலியும் இல்லை, பாட்டுப் பாடிக்கொண்டு தைக்கிறாள். பிள்ளைகள் பெரும்பாலும் வளையத்தான் வளையும். அதனால் வளைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். வலிக்கிறதா, சீக்கிரம் களைத்துப் போகிறாளா, அடிக்கடி சுளுக்குகிறதா, மூட்டு நழுவுகிறதா என்று பாருங்கள். அவளிடமே கேளுங்கள்.

என்னை யாரும் கேட்டதில்லை.


ஜூலை 1

நாத்தனாருக்கு,

நீ சொன்னபடி ஒன்றும் செய்யச் சொல்லாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெற்றவள் நான், ஒரு வாரமாக என் பிள்ளையை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. முழங்கால், முழங்கை, அந்தத் தவளை மாதிரி உட்காருவது. கடைக்கு வருகிற பிள்ளைகளின் பாதத்தைப் பார்த்தே அளவு சொல்கிறவள் நான். சொந்தப் பிள்ளை நிற்பதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

"வலிக்குதா?" என்று கேட்டேன். "எப்பவும் போலவா?" என்று திருப்பிக் கேட்டாள். எல்லாருக்கும் எப்போதும் கொஞ்சம் வலிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

டாக்டரிடம் உன் கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். கவனமாகக் கேட்டார். சிட்டுவைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் இது குடும்பவழி வருகிற மூட்டுத் தளர்ச்சிதான், நீலமும் அதனால்தான், ஆனால் இரத்த உறவில் ஒரு பெரியவரையும் பார்த்தால் உறுதியாக எழுதித் தர முடியும் என்கிறார். அலுவலகத்துக்கு அவர் எழுதித் தருவதுதான் எனக்கு வேண்டும். இப்போதைக்குச் சிட்டு என்னோடு இருக்கிறாள், ஆனால் வாரம் ஒரு தடவை வந்து பார்க்கிறார்கள். குளிப்பாட்டும்போது அவள் காலில் புது நீலம் தெரிந்தால் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பிள்ளைக்கு வலிக்குமே என்று அடித்துக்கொள்கிறதா, அவர்கள் பார்ப்பார்களே என்று அடித்துக்கொள்கிறதா, எனக்கே தெரியவில்லை. அந்த அசிங்கத்தை வேறு யாரிடம் சொல்ல?

உன் அண்ணனைக் காட்டலாம் என்றால் அவர் உடம்பு விறகுக் கட்டை. குனிந்தால் முழங்காலைத் தாண்டாது. நீதான் வர வேண்டும். இருபதாம் தேதி நேரம் கொடுத்திருக்கிறார்.

வா என்று கேட்கிறேன். கேட்டுப் பழக்கமில்லை, அதனால் சரியாகக் கேட்கிறேனா தெரியாது.

அண்ணி


ஜூலை 6

அண்ணிக்கு,

வர முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

காரணம் சொல்கிறேன். எனக்கு இப்போது வளையாது. நாற்பது தாண்டிவிட்டது, காலையில் எழுந்தால் உடம்பு பலகை மாதிரி இருக்கிறது. கட்டைவிரல் முன்கையைத் தொடுவதில்லை, தரையைத் தொடக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அந்த டாக்டர் வளைத்துக் காட்டு என்பார். நான் நிற்பேன். நடிக்கிறாள் என்பார். எத்தனை டாக்டர்களைப் பார்த்துவிட்டேன் தெரியுமா? தோளுக்கு ஒருவர், இடுப்புக்கு ஒருவர், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதே என்று அதற்கு ஒருவர். படம் எடுத்துப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்பார்கள். ஒருவர், "கல்யாணம் பண்ணிக்கோங்க, சரியாப் போயிடும்" என்றார். இவர்கள் எல்லாருடைய முகத்திலும் நான் பார்த்தது உங்கள் முகத்தைத்தான் அண்ணி. அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "சாப்பிட மட்டும் கை நல்லா வேலை செய்யுது" என்றீர்களே, அந்த முகம். பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். செருப்பு தேடக்கூட நிற்கவில்லை.

அதன் பிறகு இன்றுவரை நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பட்டறையிலும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவேன்.

பஸ்ஸில் அத்தனை நேரம் உட்கார்ந்தால் இரண்டு நாள் படுக்கை. அதுவும் ஒரு காரணம்.

இதை எழுதிவிட்டு உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். "எப்பவும் போலவா?" என்று கேட்டாளே.

வருகிறேன். நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் தங்க மாட்டேன். சாப்பிடச் சொல்லாதீர்கள்.


ஜூலை 25

சின்னவளுக்கு,

நான் கல்யாணமாகி வந்த புதிதில் உன்னை இப்படித்தான் கூப்பிட்டேன். இடையில் எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? இப்போது எழுந்து உட்காருகிறாயா? படுத்திருப்பாய் என்று தெரிந்தேதான் சில நாள் கழித்து எழுதுகிறேன்.

அலுவலகத்திலிருந்து தாள் வந்துவிட்டது. விசாரணையை முடித்துக்கொண்டார்களாம். சிட்டு என்னோடுதான். அந்த மனுஷி வந்து கொடுத்துவிட்டு, "இருந்தாலும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா" என்றார். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. நடுக்கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிட்டு வந்து தண்ணீர் கொடுத்தாள், பாதியைச் சிந்திவிட்டு. நான் கத்தவில்லை. எழுதி வைத்துக்கொள்.

பள்ளியில் தடித்த பென்சில் கொடுத்திருக்கிறார்கள். தசையை வலுவாக்க ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அழுதுகொண்டே செய்கிறாள். வளர வளரக் குறையலாம், குறையாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாரே, அதுவும் நெஞ்சில்தான் இருக்கிறது. டீச்சர் இன்னும் முழுசாக நம்பவில்லை. "பாத்தா நல்லாத்தானே இருக்கா" என்கிறார். நானும் ஒரு காலத்தில் உன்னைப் பார்த்து அப்படித்தான் நினைத்தேன், அதனால் அவரோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு அந்த அறையில் நடந்ததை எழுத வேண்டும். நீ கட்டைவிரலை மடக்கினாய், அது பாதியில் நின்றது. அந்த டாக்டர், "இப்ப முடியலன்னா பரவாயில்ல. சின்ன வயசுல முடிஞ்சுதா?" என்று கேட்டார். நீ அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய். நான் என்ன சொல்வேனோ என்று பார்த்தாய். சின்ன வயதில் உன்னை எனக்குத் தெரியாது, ஆனால் கல்யாணத்தன்று உங்கப்பா என் சொந்தக்காரர்கள் முன்னால் உன்னைக் கூப்பிட்டு வளைக்கச் சொன்னதும், எல்லாரும் சிரித்ததும் எனக்குத் தெரியும். "முடிஞ்சுது டாக்டர். நானே பாத்தேன்" என்றேன். அப்புறம் அவர் உன்னிடம், "இவ்வளவு வலிய வச்சுக்கிட்டு எப்படிம்மா இத்தனை வருஷம் வேலை பாத்தீங்க?" என்று கேட்டதும் நீ அழுத அழுகையைக் கேட்டுக்கொண்டு, நாற்காலியில் நான் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். உன் முதுகில் கை வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தால் எங்கே வலிக்குமோ என்று தெரியவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பெண்களுக்கு எல்லா மூட்டும் வளைகிறது. எனக்கு ஒன்றும் வளையாது, கழுத்து உட்பட. நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, நீயும் காத்திருப்பாய். எழுத வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்திருக்கிறேன்.

இதோடு ஒரு பெட்டி வருகிறது. புதுச் செருப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ நடக்கும்போது அளவு பார்த்துக்கொண்டேன். உள்பக்கம் குதிகாலுக்குக் கீழே கொஞ்சம் உயர்த்தி, கணுக்காலைப் பிடித்துக்கொள்கிற வார் வைத்து, எங்கள் கடையில் தைப்பவர் பக்கத்திலேயே நின்று செய்து வாங்கினேன். சிட்டுவின் ஷூவுக்கும் அப்படியே. பழையதைத் தூக்கிப் போடவில்லை.

போட்டுப் பார். எங்கே வலிக்கிறது என்று எழுது. காலில் மட்டும் இல்லை. எல்லாம் எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 3

அண்ணிக்கு,

செருப்பு வந்தது. அளவு சரி. இடது பக்க வார் கொஞ்சம் இறுக்கம், ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

வலது கட்டைவிரல், ஊசி பிடிக்கும்போது. பிளாஸ்திரி சுற்றித்தான் தைக்கிறேன். இரண்டு தோளும், துணியைத் தூக்கும்போது. இடது தோள் தூக்காமலே. இடுப்பு, நின்றாலும் உட்கார்ந்தாலும். முழங்கால், படி இறங்கும்போது மட்டும், ஏறும்போது இல்லை. தாடை, கெட்டியாக எதையாவது மென்றால். அதனால்தான் உங்கள் வீட்டில் மெதுவாகச் சாப்பிடுவேன், எல்லாரும் எழுந்த பிறகும் உட்கார்ந்திருப்பேன். ருசிக்காக இல்லை.

காலில் வலி குறைவு. புதுச் செருப்பு போட்டதிலிருந்து.

நேற்று பட்டறையில் சுவரைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன். பாட்டுப் பாடுகிறாளே ஒருத்தி, அவள் பக்கத்தில். நேரம் ஆனது. அவள் காத்திருந்தாள்.

இவ்வளவு எழுதியதில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. இனிமேல் எழுத வேண்டாம் அண்ணி. போன் பண்ணுங்கள்.

எடுக்கிறேன்.